சும்மா கிடக்கிற நிலம்

ஆனி 12

இன்று தலையாரி கொண்டுவந்து கொடுத்த காகிதத்தில் என் நிலத்துக்குப் புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள். தரிசு. புல எண்ணுக்கு எதிரே ஒரே ஒரு சொல். ஐந்து ஏக்கர் கரிசல், ஒரு கிணறு, கிணற்றைச் சுற்றிக் கத்தரியும் மிளகாயும் வெண்டையுமாக ஒரு தோட்டம், வேலியோரம் அகத்தி, மோட்டார் ரூமுக்கு நிழலாக ஒரு வேம்பு. எல்லாம் சேர்ந்து தரிசாம். எழுதினவன் கண்ணில் கொள்ளிக்கட்டையை வைக்க.

ஊருக்குத் தெற்கே சூரிய மின்சாரப் பலகைகள் நட ஒரு கம்பெனி வருகிறது. அதற்காகத் தரிசு நிலங்களைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். பட்டியலில் இருக்கிற நிலத்தை முப்பது வருஷக் குத்தகைக்கு எடுத்துக்கொள்வார்களாம், நாம் மாட்டேன் என்று சொல்ல முடியாதாம். வெள்ளாமை நிலம் என்றால் தொட மாட்டார்களாம். ஆக, அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

வைகாசியில் சர்வே ஆட்கள் வந்து கேட்டபோது யாரோ ஒரு புண்ணியவான் “சும்மா கெடக்கு” என்று சொல்லித் தொலைத்திருக்கிறார். எங்கள் பக்கம் நிலம் சும்மா கிடக்கிறது என்றால், கோடை உழவு போட்டாயிற்று, மழைக்குக் காத்திருக்கிறது என்று அர்த்தம். பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வந்த சர்வேயர் ஆற்றுத் தண்ணீர் பாய்கிற ஊர்க்காரர் போலிருக்கிறது. அவருக்குச் சும்மா என்றால் சும்மாதான்.

“கிழக்குக் காட்டு சீனிராசு அண்ணாச்சிதான் சொல்லியிருப்பாரு” என்றேன் மாடத்தியிடம். மாடத்தி என் நிலத்தை வாரத்துக்குப் பயிர் செய்கிறவள். விளைந்ததில் அவளுக்குப் பாதி, எனக்குப் பாதி. மிளகாய் பறித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். மறுபடி குனிந்துகொண்டாள்.

ஆனி 19

தாலுகா ஆபீஸ். இரண்டரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பட்டியலைக் கவனிக்கும் அதிகாரிக்கு என் தம்பி வயதுதான் இருக்கும். போனில் இருந்த போட்டோக்களைக் காட்டினேன்.

“இது எந்த ஊர் நிலம்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? ஒரு நாள் போட்டோவ வெச்சு என்ன சொல்ல முடியும்? வருஷம் பூரா அங்க என்ன இருக்குன்னு தெரியணும். அடுத்த வைகாசியில நானே நேர்ல விசாரணைக்கு வர்றேன். பக்கத்து நிலக்காரர் ஒருத்தராவது சாட்சி சொல்லணும்.”

“வைகாசியில எங்க ஊர்ல எந்த நிலத்துல சார் பயிர் இருக்கும்?”

“அது எனக்குத் தெரியாதுங்க. என் புரோகிராம் அப்பதான்.”

“அப்ப வருஷம் பூரா என் நிலம் எப்படி இருக்குன்னு வரைஞ்சு வெக்கிறேன். நான் டிராயிங் டீச்சர்.”

பக்கத்து மேசைக் கிளார்க் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார்: “வரைங்க மேடம். ரிட்டயர்டு ஆகி சும்மாதானே இருக்கீங்க.”

முப்பத்தொரு வருஷம் பெண்கள் பள்ளியில் ஓவிய வகுப்பு எடுத்தவள் நான். கணக்கு டீச்சருக்குப் பாடம் முடியவில்லை என்றால் ஓவிய வகுப்பைப் பிடுங்கிக்கொள்வார். “ரஞ்சிதம், நீங்க சும்மாதான இருக்கீங்க” என்று மார்க் ஷீட் எழுதத் தருவார்கள். கல்யாணம் செய்துகொள்ளாததால் வீட்டிலும் நான் சும்மா இருக்கிறவள்தான். அண்ணன் மகளுக்குப் பேறுகாலமா, ரஞ்சிதத்தைக் கூப்பிடு. இந்த வயதில் ஆபீஸ் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டும் அதையே கேட்க வேண்டுமா?

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதே ஸ்டேஷனரி கடையில் கெட்டிக் காகிதம் முப்பது தாள் வாங்கினேன்.

ஆடி 1

முதல் படம். எனக்கு நானே சில சட்டங்கள் போட்டுக்கொண்டேன். மோட்டார் ரூம் மாடியில், கைப்பிடிச் சுவரின் அதே மூலையில் உட்கார வேண்டும். ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதியும் பதினாறாம் தேதியும். பின்பக்கம் நாளும் புல எண்ணும். அழகுக்காக ஒரு செடியைக்கூட நகர்த்தக் கூடாது. இல்லாததைச் சேர்க்கக் கூடாது, இருப்பதை விடக் கூடாது.

நாட்களைத் தமிழ் மாதத்தில்தான் எழுதப்போகிறேன். இங்கிலீஷ் மாதத்துக்கு எங்கள் ஊர் மழை தெரியாது.

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், என் காகிதம் எம்மாத்திரம். நான்கு மூலைக்கும் நான்கு கல். கீழே தோட்டத்தில் கத்தரிச் செடி குனிந்து குனிந்து எழுந்தது. அதற்கு அப்பால் உழுது போட்ட கரிசல், கட்டி கட்டியாக. கரிசலுக்குக் கறுப்பு டியூபைத் திறக்கவே கூடாது. பிள்ளைகளிடம் தொண்டை வற்றச் சொல்லியிருக்கிறேன். பழுப்பையும் நீலத்தையும் கலந்தால்தான் அந்தக் கறுப்பு வரும். வெயில் விழுந்த கட்டிக்குப் பழுப்பு கூட, நிழலுக்கு நீலம் கூட.

தூசி விழுந்து ஈரச் சாயத்தில் ஒட்டிக்கொண்டது. துடைக்கவில்லை. அதுவும் இந்த நிலத்து மண்தானே.

ஆடி 16

காற்று. படம் இரண்டு. மூக்குக் கண்ணாடி கிணற்றில் விழுந்துவிட்டது.

ஆவணி 10

சீனிராசு அண்ணாச்சி வந்தார். என் நிலத்துக்குக் கிழக்கே ஏழு ஏக்கர் மானாவாரிக் காடு அவருடையது. மேற்கே உள்ளவர்கள் பம்பாய்க்குப் போய் இருபது வருஷம் ஆகிறது, முகமே மறந்துவிட்டது. ஆக, பக்கத்து நிலக்காரர் என்றால் இவர் ஒருவர்தான். அறுபத்தாறு வயது. முழங்கால் இரண்டும் தேய்ந்து, ஏணிக்குக் கீழேயே நின்று அண்ணாந்து பேசினார்.

“டீச்சர், கோவிச்சுக்கிடாதீங்க. கம்பெனிக்காரன் வந்தான். பத்து வருசமா தரிசுன்னு ஒரு தாள் கொண்டாந்தான். நான் கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“பத்து வருஷமா தரிசா? உங்க காடா? போன வருஷம் வெளஞ்ச சோளத்த வானத்துல இருந்தா எறக்குனீங்க?”

“சத்தம் போடாதீங்க. மகன் ரெண்டு பேரும் மெட்ராஸ்ல. காட்டுப்பன்னி வந்தா ராவெல்லாம் யார் காவல் கெடப்பா? என் காலப் பாத்தீங்களா? வருசாவருசம் குத்தகை வந்துரும். உக்காந்து சாப்பிடலாம்.”

“உங்க நெலம் ரோட்ட ஒட்டி இருக்கு. என் நெலம் உங்களுக்குப் பின்னால. நீங்க தரிசுன்னா நானும் தரிசு. தெரியும்ல?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கோபத்தில் நான் ஏணியை விட்டு இறங்கவே இல்லை. ஒரு வாய் காபி கொடுக்காமல் அனுப்பினேன்.

புரட்டாசி 21

விதைப்பு. மாடத்தி காலை ஐந்து மணிக்கே டிராக்டரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். நான்கு ஏக்கர் உளுந்து, மீதியில் கொஞ்சம் பாசிப்பயறு, வரப்போரம் கம்பு. நான் மாடியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எரிச்சல் அவளுக்கு.

“யக்கா, அந்தப் பெரஸ்ஸ வெச்சுட்டு எறங்கி வந்து ரெண்டு சால் வெதையப் போடுங்க. படத்துல உளுந்து மொளைக்காது.”

இறங்கிப் போனேன். மதியத்துக்கு மேல் இடுப்பு நிமிரவில்லை. வரைய வேண்டிய நாளும் இல்லை, மாடியில் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். பார், என் வாயிலும் அதே சொல்தான் வருகிறது.

பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒன்று தெரிந்தது. கிழக்கே அண்ணாச்சியும் விதைத்துக்கொண்டிருந்தார். தரிசு என்று கையெழுத்துப் போட்ட நிலத்தில், தேய்ந்த முழங்காலோடு, மக்காச்சோளம். பழகின கை கேட்காது போலிருக்கிறது.

ஐப்பசி 1

மழை. வரைந்துகொண்டிருக்கும்போதே பிடித்துக்கொண்டது. ஓடிப்போய்த் தார்ப்பாயை எடுப்பதற்குள் படம் முழுக்கத் துளிகள் விழுந்து வானமும் மண்ணும் ஒன்றாகக் கரைந்துவிட்டன. கிழித்துப் போடத்தான் எடுத்தேன். பின்பக்கம் “ஐப்பசி 1, பெருமழை, பாதிப் படம் மழையே வரைந்தது” என்று எழுதி அடுக்கில் வைத்தேன்.

ஐப்பசி 2

செருப்பில் ஆளுக்கு இரண்டு கிலோ மண். காலைத் தூக்க முடியவில்லை. சந்தோஷமாக இருக்கிறது.

கார்த்திகை 16

பத்தாவது படம். பச்சை மட்டும் ஏழு வகை கலக்க வேண்டியிருந்தது. உளுந்துக்கு ஒரு பச்சை, பாசிக்குக் கொஞ்சம் வெளுத்த பச்சை, அகத்திக்குத் தனி, ஓடையோரத்துச் சீமைக்கருவேலுக்குத் தனி. வேம்பு இருக்கிறதே, அது நிறத்தை மணிக்கு மணி மாற்றுகிறது.

கத்தரியில் புழு. மாடத்தி சாம்பல் தூவினாள். ரேஷன் கடையில் பாமாயில் வரவில்லை.

மார்கழி 16

பன்னிரண்டாவது படம். இதுதான் இதுவரைக்கும் சரியாக வந்தது. உளுந்துக் காய் கறுக்க ஆரம்பித்திருக்கிறது. கிழக்கே அண்ணாச்சியின் சோளம். பேச்சுவார்த்தை இல்லைதான், ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். என்ன சோளம்! ஆள் உயரத்துக்கு மேல் ஒரு விரற்கடை, அடி இலை முதல் நுனி இலை வரை அடர்ந்த பச்சை. சுற்றுவட்டாரத்தில் எல்லார் சோளத்தையும் படைப்புழு அரித்துப் போட்டிருக்கிறது, இவர் காட்டில் ஒரு இலையில் ஓட்டை இல்லை. தினமும் விடியற்காலம் குருத்துக் குருத்தாகப் பிரித்துப் பார்க்கிறார். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. அந்தப் பச்சைக்காக ஒரு டியூப் நீலம் தீர்ந்தது.

தை 5

உளுந்து அடித்து முடிந்தது. களத்தில் வைத்துத்தான் அந்தச் சண்டை நடந்தது.

அண்ணாச்சி தார்ப்பாய் இரவல் கேட்டு வந்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அறுப்பு ஆட்கள் பத்துப் பேர் நிற்கும்போதே சொன்னேன்: “சர்வேயர்கிட்டச் சும்மா கெடக்குன்னு சொல்லி என் நெலத்தையும் சேத்துக் கெடுத்தீங்கல்லா அண்ணாச்சி, இப்பத் தார்ப்பாய் எதுக்கு? தரிசுல என்னத்தக் காயப்போடப் போறீங்க?”

அவர் திகைத்துப்போய் நின்றார். “நானா? நான் அன்னைக்கு ஊர்லயே இல்லையே டீச்சர். கண் ஆசுபத்திரிக்குப் போயிருந்தேன்.”

நான் மறுபடி வாயைத் திறந்தேன். மாடத்தி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தாள். “யக்கா, போதும்” என்றாள். “போதும் யக்கா.”

அவ்வளவுதான் சொன்னாள். ஆட்கள் எல்லாரும் வேலையைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார்கள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

இத்தனை மாதமாக இந்த நோட்டில்கூட எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். சொன்னது நான்தான். வைகாசியில் தோட்டத்தில் உட்கார்ந்து செம்பருத்தியை வரைந்துகொண்டிருந்தேன். தொப்பி போட்ட ஒருவர் வேலிக்கு வெளியே நின்று “நிலத்துல என்னம்மா இருக்கு?” என்றார். நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. செம்பருத்தியின் சிவப்பு காய்ந்துவிடுமே என்று அவசரம். “ஒண்ணுமில்ல, சும்மாதான் கெடக்கு” என்றேன். மாடத்தி பக்கத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்தாள்.

நிலத்தில் உழைப்பெல்லாம் அவளுடையது. என் ஒரு வாக்கியத்தில் அவள் சாப்பாடும் போயிருக்கும். ஏழு மாதமாக அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானோ ஊரில் உள்ளவர்களை எல்லாம் திட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

அழுது முடித்துவிட்டு யோசித்தேன். என் வாயால் போனதை என் கையால்தான் மீட்க வேண்டும். வேறு யார் செய்வார்கள்?

தார்ப்பாயை மாடத்தியிடம் கொடுத்து அண்ணாச்சிக்கு அனுப்பினேன். மன்னிப்பும் சொல்லி அனுப்பியிருக்கலாம். சொல்லவில்லை.

மாசி 16

படம் பதினாறு. அறுத்த உளுந்துத் தாள், காய்ந்த வரப்பு, தோட்டத்தில் மட்டும் கொஞ்சம் பச்சை. கிழக்கே சோளம் ஒடித்து முடிந்து வெறும் தட்டை நிற்கிறது. இனிமேல் நாலு மாதத்துக்கு வரையப்போவது ஒன்றுமில்லாத நிலத்தை. அதுதான் கஷ்டம். பூவை வரைகிற பிள்ளைக்கு நூற்றுக்குத் தொண்ணூறு போடுவோம். வெறும் தரையை வரையச் சொன்னால் வகுப்பே முழிக்கும்.

பங்குனி 16

வெடிப்பு. ஒரு வெடிப்பில் என் கை முழங்கை வரை போகிறது. ஒவ்வொரு வெடிப்பையும் வரைந்தேன், ஒன்றைக்கூட விடவில்லை.

சித்திரை 11

கோடை மழை ஒன்று. மறுநாளே மாடத்தி உழவு போட்டாள். நிலத்தைப் புரட்டிப் போட்டால் வெயில் புழுவையும் களையையும் கொல்லும், பெய்கிற மழை உள்ளே இறங்கும். இது வேலை. ஒன்றும் செய்யாமல் கிடப்பது இல்லை. இதை அந்த அதிகாரிக்கு எந்த வார்த்தையில் சொல்வது என்று ராப்பகலாக யோசிக்கிறேன். எங்கள் ஊரில் இதற்குச் சும்மா கிடக்கிறது என்பதைத் தவிர வேறு வார்த்தையே இல்லாமல் போய்விட்டது, அதுதான் வம்பு.

வைகாசி 3

விசாரணை 14ஆம் தேதி என்று கடிதம் வந்தது. அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். முதலில் தை மாதத்துப் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டேன். “சர்வேயர்கிட்டச் சொன்னது நான்தான்” என்றேன். அவர் தலையை ஆட்டினார். காபி வந்தது. ஆவணியில் நான் அவருக்குக் கொடுக்காத காபி.

“சாட்சி சொல்லணும் அண்ணாச்சி. என் நெலத்துல உளுந்து இருந்துச்சுன்னு, அது மட்டும்.”

“முடியாது டீச்சர். என் நெலமும் உங்க நெலமும் ஒட்டிக் கெடக்கு. என்னது தரிசு, உங்களது வெள்ளாமன்னு ஒரே வாயால எப்பிடிச் சொல்ல? கையெழுத்துப் போட்டவன் மாத்திச் சொன்னா பொய்யன்னு ஆயிருவேன்.”

“இப்ப மட்டும் என்ன ஆயிருக்கீங்க?”

கேட்டிருக்கக் கூடாது. வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

வைகாசி 9

பன்னிரண்டாவது படத்தை எடுத்துக் கொஞ்சம் திருத்தினேன். கிழக்குப் பக்கம் பச்சை அதிகமாகத் தெரிந்தது. ஈரத் தூரிகையால் தேய்த்து, துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மேலே வேறு வண்ணம் கொடுத்தேன். ஒரு மணி நேர வேலை.

மாடத்தி எட்டிப் பார்த்துவிட்டு, “யக்கா, இது நம்ம அண்ணாச்சி காடா?” என்றாள். மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சப் போகச் சொன்னேன்.

வைகாசி 14

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

பத்தரை மணிக்கு ஜீப் வந்தது. அதிகாரி, கிளார்க், தலையாரி. ஊரில் இருபது பேர் வேம்படிக்கு வந்துவிட்டார்கள். அண்ணாச்சி கூட்டத்துக்குப் பின்னால் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றார், கம்பெனி ஆளுக்குப் பக்கத்தில். மோட்டார் ரூமிலிருந்து வேம்புக்கும், வேம்பிலிருந்து வேலிக் கல்லுக்கும் கயிறு கட்டி, துணி மாட்டுகிற கிளிப்பால் இருபத்தொரு படத்தையும் வரிசையாக மாட்டியிருந்தேன்.

அதிகாரி முதலில் நிலத்தைப் பார்த்தார். உழுத கரிசல் வெயிலில் கிடந்தது. “ஒண்ணும் இல்லையேம்மா” என்றார்.

“உழுது கெடக்கு சார். அப்படியே இந்தப் பக்கம் வாங்க.”

ஆடியிலிருந்து ஆரம்பித்து நடந்தார். மழை கரைத்த படத்துக்கு முன்னால் கொஞ்சம் நின்றார். கிளார்க், “நல்லா வரைஞ்சிருக்காங்க சார், ஆனா படத்த எப்படி எவிடென்ஸா எடுக்க முடியும்?” என்றார். “முடியாதுதான்” என்றார் அதிகாரி. ஊர்க்காரர்களும் பின்னாலேயே வந்தார்கள். இது உளுந்து, இது பாசி, இந்தக் கம்பைக் கிளி தின்றதே என்று பேச்சு.

பன்னிரண்டாவது படத்துக்கு வந்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல்: “இது யார் காடு?”

“உங்க காடுதான் அண்ணாச்சி” என்றேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். படத்துக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனார். இலையெல்லாம் மஞ்சள். குருத்தில் புழு அரித்த ஓட்டை. கதிர் சுண்டுவிரல் அளவு. யாரோ சிரித்தார்கள். அது பற்றிக்கொண்டது.

“எங்காட்டுச் சோளமா இது? இப்பிடியா இருந்துச்சு? யோவ், சிரிக்காத! நீ பாத்தியா? பாத்துச் சொல்லு! ஊரெல்லாம் புழு அடிச்சு நாசமாப் போனப்ப எங்காட்டுல ஒரு எலையில ஓட்ட உண்டா? கதிரு ஒண்ணொண்ணும் இந்தா, இத்தன நீளம்! ஏக்கருக்கு முப்பது மூட! யாரு காட்டுல வெளஞ்சுது முப்பது மூட?”

கம்பெனி ஆள் அவர் கையைப் பிடித்து இழுத்தார். அண்ணாச்சி உதறிவிட்டார்.

அதிகாரி அமைதியாகக் கேட்டார். “இது எந்த வருஷம் ஐயா?”

“இந்த வருசந்தான், பின்ன?” என்று சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

“அப்ப டீச்சர் நிலத்துல?”

வேம்பில் காகம் கத்தியது. பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு, “உளுந்து” என்றார். “என் சோளத்துக்கு இங்கிட்டு அவுக உளுந்து. வருசாவருசம்.”

கம்பை ஊன்றிக்கொண்டு விறுவிறு என்று போய்விட்டார்.

அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “வாய்வார்த்தை போதாதும்மா. நாளைக்கு இல்லைன்னு சொன்னா நான் மாட்டிக்குவேன். பதினஞ்சு நாளைக்குள்ள அவர்கிட்ட எழுத்துல வாங்கிக் கொண்டுவாங்க. இல்லைன்னா பட்டியல் அப்படியேதான் போகும்.”

வைகாசி 15

அண்ணாச்சி வீட்டுக்கு மாடத்தியை அனுப்பினேன். கதவைத் திறக்கவில்லை.

வைகாசி 21

நானே போனேன். “அவுக தூங்குறாக” என்றார் அவர் சம்சாரம். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

வைகாசி 26

கம்பெனி ஆள் என் வீட்டுக்கே வந்தார். நல்ல சட்டை, நல்ல தமிழ். “எதுக்கு மேடம் கஷ்டப்படறீங்க, குத்தகைத் தொகைய வாங்கிட்டு வீட்ல ஹாயா படம் வரைங்க” என்றார். “எதைப் பாத்து வரையட்டும், உங்க பலகையப் பாத்தா?” என்றேன். காலையில் தோட்டத்திலிருந்து பறித்து வந்திருந்த கத்தரிக்காயில் நாலை எடுத்துக் கையில் கொடுத்தேன். “தரிசுல வெளஞ்சது, கொண்டுபோய்க் கொழம்பு வைங்க.” முறைத்துக்கொண்டே வாங்கிப் போனார்.

வைகாசி 28

நாளையோடு தவணை முடிகிறது. காலையில் மாடியில் உட்கார்ந்து தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஏணி ஆடியது. எட்டிப் பார்த்தால் அண்ணாச்சி ஏறி வருகிறார். அந்த முழங்காலோடு ஒவ்வொரு படியாக, பல்லைக் கடித்துக்கொண்டு. கை கொடுத்தேன். வாங்கவில்லை.

மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டார். “டீச்சர், மனசறிஞ்சு சொல்லுங்க. இங்க உக்காந்துதான வரஞ்சீக. என் சோளம் அப்பிடியா இருந்துச்சு?”

“இல்ல அண்ணாச்சி.”

“பின்ன?”

“நல்லாத்தான் இருந்துச்சு. நல்லாத்தான் வரஞ்சிருந்தேன். விசாரணைக்கு அஞ்சு நாள் முந்தி நான்தான் அழிச்சு மஞ்சள் பூசினேன். உங்க சோளத்தக் கேவலமாக் காட்டுனா உங்களால வாய மூடிக்கிட்டு நிக்க முடியாதுன்னு தெரியும்.”

அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் சுவரில் உட்கார்ந்தார்.

“ஊரே சிரிச்சுச்சு” என்றார். “நாப்பத்தஞ்சு வருசமா இந்தக் காட்டோட மல்லுக்கட்டுறேன். நீங்க ஒரு வருசம் மாடியில உக்காந்து பாத்தீக. அதுக்குள்ள என்னையே வெதச்சு அறுத்துட்டீக.”

“உங்ககிட்டச் செஞ்சது தப்பு. அந்தப் படம் பொய். ஆனா ‘பத்து வருசமா தரிசு’ன்னு நீங்க போட்ட கையெழுத்தும் பொய்தான். நெலத்த விக்கணுமா, வித்துக்கிடுங்க. யாருக்கு வேணா குடுங்க, உங்க இஷ்டம். வெளையுற காடுன்னு சொல்லிக் குடுங்க. ஒண்ணுக்கும் ஆகாததுன்னு சொல்லி நீங்க போறப்ப என்னையும் மாடத்தியையும் எதுக்கு இழுத்துக்கிட்டுப் போறீங்க?”

அவர் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார். இங்கிருந்து தன் காட்டை அவர் பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

“அந்தப் படத்தத் திருத்துங்க” என்றார்.

“முடியாது அண்ணாச்சி. இதுல போன பச்சை திரும்ப வராது. தேய்ச்சா காகிதம் கிழிஞ்சுரும்.”

“அப்ப எழுதிக் குடுங்க. பொய்னு எழுதுங்க.”

கீழே போய்ப் பன்னிரண்டாவது படத்தை எடுத்து வந்தேன். பின்பக்கம், மார்கழி 16 என்று போட்டிருந்ததற்குக் கீழே, பேனாவால் எழுதினேன்: இந்தப் படத்தில் கிழக்குப் பக்கம் உள்ள மஞ்சள் நான் பிறகு பூசியது, உண்மையல்ல. இந்தப் பருவத்தில் என் நிலத்தில் உளுந்தும், பக்கத்தில் சீனிராசு அவர்கள் நிலத்தில் மக்காச்சோளமும் நன்றாக விளைந்திருந்தன. கையெழுத்துப் போட்டு அவரிடம் நீட்டினேன்.

சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, எழுத்துக் கூட்டிப் படித்தார். இரண்டு தரம் படித்தார்.

“இதுல நானும் கையெழுத்துப் போட்டா இது எழுத்துல குடுத்த மாதிரி. உங்க நெலம் பட்டியல விட்டுப் போயிரும். என்னதும் போயிரும். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிடாதீக.”

“தெரியும்னு எனக்குத் தெரியும்.”

“குத்தகை வராது. இந்தக் காலோட மறுபடி பன்னிக் காவல் கெடக்கணும்.”

“கெடக்கணும்.”

பேனாவை வாங்கினார். காகிதத்தில் வைத்தார். வைத்த கையை எடுத்துக்கொண்டார்.

“நன்றாகன்னு போட்டிருக்கீக” என்றார். “எம் பக்கத்துக்கு மட்டும் மிக நன்றாகன்னு போடுங்க. பக்கத்துல ஒருத்தனுக்கும் அப்பிடி வெளையல.”

அவர் சோளத்துக்கு நேராக, வரிக்கு மேலே இடுக்கி, “மிக” என்று எழுதினேன். அது பொய்யில்லை.

கையெழுத்துப் போட்டார்.